கீழ்க்கட்டில் யாருக்கு? பெங்களூரிலிருந்து இத்தாலிக்குத் தத்துப்போன ஒரு குழந்தையின் நிகழ்வு ஆய்வு

பெயர் கேட்டதற்கு "பாப்பா" என்றாள். அப்பா பெயர் கேட்டதற்கு "அப்பா" என்றாள். ஊர் கேட்டதற்குப் பதில் இல்லை. 2019ஆம் ஆண்டின் கடைசியில், பெங்களூர் கன்டோன்மென்ட் ரயில் நிலைய நடைமேடையில் தனியாக உட்கார்ந்திருந்த குழந்தையிடம் ரயில்வே பெண் காவலர் ஒருவர் கேட்டு எழுதிய விவரம் இவ்வளவுதான். பல்லைப் பார்த்து மருத்துவர் மூன்று வயது என்று மதிப்பிட்டார்.

பிறகு அவளைச் சேர்த்த குழந்தைகள் இல்லம் அவளுக்கு ஒரு பெயர் வைத்தது. அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அடையாளம் தெரிந்துவிடக் கூடாதென்று வேறு சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். அவள் தனக்கென்று சொன்ன பெயரிலேயே இந்தக் கட்டுரையில் இருக்கட்டும்: பாப்பா. வீட்டில் எல்லோரும் அப்படியே கூப்பிட்டு, அதுதான் தன் பெயர் என்று நம்பியிருக்கிறாள். அவளைக் கொஞ்சிய ஒரு வீடு எங்கேயோ இருந்தது என்பதற்கு நம் கையில் இருக்கும் ஒரே சாட்சியம் அந்தச் சொல்.

நான் பெங்களூரில் குழந்தைகளுக்கான மனநல ஆலோசகர். தத்துக்குப் போகிற சற்று பெரிய குழந்தைகளைப் பயணத்துக்குத் தயார்ப்படுத்துவது என் வேலையில் ஒரு பகுதி. என்னை இதில் சேர்த்த காரணம் சாதாரணமானது. பள்ளியில் கன்னடம், கார்ட்டூனில் இந்தி என்று அவள் மூன்று மொழியில் ஓடினாலும், தூக்கத்தில் தமிழில்தான் பேசுவாள். இல்லத்தின் அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர்கள் இல்லை. பராமரிப்பு ஆயாக்களில் ஒருவர் மட்டும் அல்சூர் மர்பி டவுன் பக்கத்துத் தமிழ்க்காரர். எல்லாக் குழந்தைகளுக்கும் அவர் ஆயாம்மா.

இதை எழுதுவது சாதனைக் கதை சொல்ல அல்ல. அந்தக் குழந்தை என்னிடம் ஒன்று சொன்னாள். அதை நான் நல்ல அறிகுறி என்று குறித்துவைத்துக்கொண்டேன்.

கோப்பு நடந்த வழி

சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தினார்கள். பெற்றோரைத் தேடும் அறிவிப்பு, புகைப்படத்தோடு, ஒரு கன்னடப் பத்திரிகையிலும் ஓர் ஆங்கிலப் பத்திரிகையிலும் வந்தது. தமிழ் மட்டுமே பேசிய குழந்தை. தங்கவயலிலிருந்தும் ஜோலார்பேட்டை பக்கத்திலிருந்தும் ரயில்கள் வந்து நிற்கிற நிலையம். ஒரு தமிழ்ப் பத்திரிகையிலும் போட்டிருக்கலாமே என்று கோப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். போட்டிருந்தால் மட்டும் யாராவது வந்திருப்பார்களா என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது.

கைவிடப்பட்ட குழந்தை இரண்டு வயதுக்கு உட்பட்டதென்றால் இரண்டு மாதத்திலும், அதற்கு மேற்பட்டதென்றால் நான்கு மாதத்திலும் 'தத்துக்குச் சட்டப்படி தடையில்லை' என்று குழு அறிவிக்க வேண்டும். மூன்று உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும். கொரோனா ஊரடங்கு குறுக்கே வந்ததால் பாப்பாவுக்கு அது தள்ளிப்போனது. பிறகு அவள் விவரம் 'காரா' எனப்படும் மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் இணையதளத்தில் ஏறியது. உள்நாட்டுப் பெற்றோருக்கு இரண்டு முறை போனது. இரண்டு முறையும் வேண்டாம் என்று திரும்பியது. காரணம் எழுதப்படவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை. நம் ஊர்த் தம்பதிகளில் பெரும்பாலோர் கேட்பது கைக்குழந்தை. அதற்காக மூன்று வருடத்துக்கு மேல் வரிசையில் நிற்பார்கள். ஐந்து வயதுக் கறுத்த பெண் குழந்தை என்றால் வரிசை சட்டென்று காலியாகிவிடும். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

வெளிநாட்டுக்குத் தத்துப்போகிறவர்கள் பெரும்பாலும் இப்படி மிஞ்சியவர்கள்தான்: வயது கூடியவர்கள், உடன்பிறந்தவர்களைப் பிரிக்க முடியாதவர்கள், உடல்நலக் குறைபாடு உள்ளவர்கள். 2024-25இல் இந்தியாவில் நடந்த 4,515 தத்தெடுப்புகளில் 4,155 உள்நாட்டில் நடந்தவை. மிச்சம் 360. ஒரு காலத்தில் இதற்கு ஒழுங்கான சட்டமே இல்லை. வழக்கறிஞர் லட்சுமி காந்த் பாண்டே உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய ஒரு கடிதம் வழக்காகி, 1984இல் நீதிபதி பகவதி நெறிமுறைகளை வகுத்துத் தீர்ப்பளித்தார். நாடுகளுக்கு இடையிலான தத்தெடுப்பு பற்றிய 1993ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003இல் ஏற்றது. இன்றைக்கு ஒரு குழந்தை விமானம் ஏறுவதற்குள் இத்தனை கையெழுத்து வேண்டுமா என்று அலுத்துக்கொள்கிறவர்களிடம், கையெழுத்து இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்று பழைய பத்திரிகைகளைப் புரட்டச் சொல்வேன்.

இத்தாலிக்காரர்கள்

அம்மாவுக்கு 44, அப்பாவுக்கு 46. வட இத்தாலியில் ஒரு சின்ன ஊர். அவர் தச்சுப் பட்டறை வைத்திருப்பவர். அவள் நகராட்சி நூலகத்தில் வேலை. இரண்டு கரு கலைந்தபின் தத்தெடுக்க முடிவு செய்தவர்கள். அவர்கள் ஊர்ச் சட்டப்படி முதலில் சிறார் நீதிமன்றம் 'இவர்கள் பெற்றோராகத் தகுதியானவர்கள்' என்று ஆணை தர வேண்டும். பிறகு அரசு அங்கீகரித்த அமைப்பு ஒன்றின் வழியாகத்தான் வெளிநாட்டுக் குழந்தைக்கு விண்ணப்பிக்க முடியும். ஒரு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து அலமாரி முதற்கொண்டு பார்த்து, 'நீங்கள் சண்டை போட்டால் முதலில் யார் பேசுவீர்கள்?' என்பதுவரை கேட்டிருக்கிறார். அந்த வீட்டாய்வு அறிக்கையை நான் படித்தேன். முதலில் பேசுவது அவர்தானாம்.

நம் விதிமுறைகளில் 4 முதல் 8 வயதுக் குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 100க்குள் இருக்க வேண்டும். இவர்களுக்கு 90. அந்தக் கணக்கில் சிக்கல் இல்லை.

2023 தொடக்கத்தில் அவர்களிடமிருந்து ஆல்பம் வந்தது. பனி மூடிய தெரு, வாசலில் ஒரு பழுப்பு நாய், நோன்னா என்று அவர்கள் அழைக்கிற பாட்டி, பள்ளிக்கூடம், கடைசியாக அவளுக்கென்று தயார் செய்த அறை. அறையில் அந்த அப்பாவே இழைத்துச் செய்த இரண்டடுக்குக் கட்டில். இத்தாலியில் பிள்ளைகளுக்கு அது சாதாரணம். தோழிகள் வந்தால் தங்கலாம். பாப்பா அந்தப் பக்கத்தில்தான் நின்றாள். விரலை வைத்துச் சொன்னாள்: "மேல் கட்டில் எனக்கு. கீழ்க்கட்டில் ஆயாம்மாவுக்கு."

என் குறிப்பேட்டில் அந்த வரி அப்படியே இருக்கிறது. பக்கத்தில் என் கையெழுத்து: 'ஆயாவிடம் நல்ல பற்று. புதிய இடத்தைக் கற்பனை செய்யத் தொடங்கிவிட்டாள். நல்ல அறிகுறி.'

வீடியோ அழைப்பில் முதல் நாளே ஒரு கூத்து. திரையில் இருவரும் கையை ஆட்டி "சாவ்! சாவ்!" என்றார்கள். அது அவர்கள் வணக்கம். பாப்பா முகம் சுருங்கிவிட்டது. என் காதில் வந்து, "யாரு வூட்ல சாவு, மிஸ்?" என்றாள். விளக்கிச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்று முழுக்க இல்லத்தில் பார்ப்பவரிடமெல்லாம் "சாவ்" சொல்லி ஆயாம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டாள்.

அடுத்தது அவ்வளவு எளிதில் தீரவில்லை. அவர் தன் நெஞ்சைத் தொட்டு "பப்பா" என்றார். இத்தாலியில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவது. முதல் எழுத்தைக் குறுக்கிக் கடைசியில் அழுத்துவார்கள். இவள் தன் நெஞ்சைத் தொட்டு, "இல்ல. பாப்பா நானு" என்றாள். அவர் மறுபடி சொன்னார். இவளும் மறுபடி சொன்னாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவள் மட்டும் சிரிக்கவில்லை என்பதை வீடியோ பதிவை இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன்.

2022 செப்டம்பர் முதல் தத்தெடுப்பு ஆணையை நீதிமன்றத்துக்குப் பதில் மாவட்ட ஆட்சியரே தருகிறார். கர்நாடகத்தில் அவர் டெபுடி கமிஷனர். கெம்பேகவுடா சாலை கந்தாய பவனில் மூடிய அறையில் விசாரணை. குழந்தையின் விருப்பத்தையும் அதன் வயதுக்கும் புரிதலுக்கும் ஏற்றபடி பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். அதிகாரி நல்ல மனிதர். மேசையைச் சுற்றி வந்து குனிந்து, போட்டோவைக் காட்டிக் கன்னடத்தில் கேட்டார்: "இவர ஜொதெ ஹோக்தியாம்மா?" இவர்களோடு போகிறாயா?

"ஹோக்தீனி," என்றாள். போகிறேன். உடனே, "ஆயாம்மா பர்த்தாரல்லா?" ஆயாம்மாவும் வருவார் இல்லையா?

அறையில் எல்லோரும் புன்னகைத்தார்கள். நானும்தான். அவள் சம்மதித்தாள் என்று எழுதப்பட்டது. அவள் சம்மதித்தது வேறொரு பயணத்துக்கு.

அந்த வியாழக்கிழமை

காராவின் ஆட்சேபணையின்மைச் சான்று, ஆணை, ஹேக் உடன்படிக்கையின் 23ஆம் பிரிவின்கீழ் இணக்கச் சான்று என்று எல்லாம் வரிசையாக வந்தன. ஜூனில் அவர்கள் பெங்களூர் வந்து குக் டவுனில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்டில் தங்கினார்கள். பாஸ்போர்ட், விசா முடிய இரண்டரை வாரம் ஆகும்.

இல்லத்தில் ஒரு வழக்கம். போகிற நாளைக் குழந்தையிடம் முன்கூட்டிச் சொல்வதில்லை. முன்பொரு முறை ஒரு பையன் ஆயாவின் முந்தானையை விடாமல் கதறி, படுக்கைக் கூடம் முழுக்க அழுது, நாலு குழந்தைக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. அன்றிலிருந்து பிடித்த ஆயாவின் ஷிஃப்டை மாற்றிவிட்டு, காலையில் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும். இது சரியில்லை என்று சொன்னேன். "நீங்க ஒரு குழந்தையப் பாக்குறீங்க மேடம். நாங்க நாப்பது குழந்தையப் பாக்குறோம்" என்று பதில் வந்தது. அதிலும் நியாயம் இருந்தது. அழுத்திச் சொல்லாமல் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வியாழக்கிழமை காலை பாப்பாவையும் அப்படித்தான் ஏற்றிவிட்டார்கள். இந்த ஆய்வில் தவறு என்று ஒன்றைக் குறிக்க வேண்டுமானால் அந்தத் தலையாட்டலைக் குறிப்பேன்.

ஐந்தாம் நாள் அந்த அம்மா மொழிபெயர்ப்பாளரை வைத்து எனக்கு போன் செய்தாள். முதல் நான்கு நாளும் 'அமைதியான பிள்ளை, ஒரு தொல்லை இல்லை' என்றுதான் தங்கள் அமைப்புக்குச் சொல்லியிருக்கிறாள். பெற்றோரைப் பிரிந்து மருத்துவமனையில் கிடந்த சிறு குழந்தைகளை 1950களில் கவனித்த ஜான் பௌல்பியும் ஜேம்ஸ் ராபர்ட்சனும் மூன்று கட்டங்களைச் சொன்னார்கள்: முதலில் எதிர்ப்பு, பிறகு நம்பிக்கையிழப்பு, பிறகு விலகல். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கடைசி இரண்டையும் 'பழகிவிட்டது' என்று நினைத்துவிடுவார்கள் என்பது அவர்கள் கண்டதில் முக்கியமான ஒன்று. தொல்லை தராத குழந்தையைக் கண்டால் எனக்கு இப்போதெல்லாம் அடிவயிறு கலங்கும்.

நான் போனபோது மணி பதினொன்று. மேசையில் பக்கத்து தர்ஷினி ஓட்டலிலிருந்து வாங்கிய இட்லி தொடாமல் இருந்தது. பாப்பா தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் படுக்கையில் தலைமாட்டில் ஒரு தலையணை. கால்மாட்டில், தரையில், மடித்து விரித்த போர்வையும் இன்னொரு தலையணையும். அந்தத் தலையணைக்குக் கீழே பார்லே-ஜி பிஸ்கட் ஐந்து, ஒன்றன்மேல் ஒன்றாக. அந்த அம்மா அது ஏதோ பொம்மை விளையாட்டு என்று நினைத்திருந்தாள்.

லிஃப்ட் மணி அடித்தது. பாப்பா எழுந்து கதவருகே போய் நின்றாள். காலடிச் சத்தம் எதிர்வீட்டுக்குப் போனதும் திரும்பி வந்து உட்கார்ந்தாள். நான் இருந்த நாற்பது நிமிடத்தில் ஆறு முறை.

"யாரு வரணும், கண்ணு?"

"ஆயாம்மா. லேட்டாயிருச்சு. பஸ்ஸு கெடைக்கல போல."

குறிப்பேட்டில் இருந்த வரி அப்போதுதான் எனக்குப் படிக்கத் தெரிந்தது.

அவர்களிடம் உள்ளபடி சொன்னேன். இந்தக் குழந்தை விடைபெறவில்லை, காத்திருக்கிறாள். காத்திருக்கிறவள் உங்களிடம் வர மாட்டாள். அப்பா உடனே சொன்னார்: அவளை வளர்த்தவர் ஒருவர் இருக்கிறார் என்றால் நாங்கள் அவரைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டாமா? அம்மா பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "அவரைப் பார்த்தபின் என்னிடம் வருவாளா?" எழுந்து குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தத்தெடுப்புப் பயிற்சிகளில் குழந்தையின் துக்கத்தைப் பற்றி நிறையச் சொல்கிறோம். எட்டு வருடம் காத்திருந்து, கடைசியில் குழந்தை இன்னொருத்திக்காகக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் காண்கிறவளுக்கு என்ன சொல்வது என்று எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை. அன்று நானும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை 'சரி' என்று அவளே செய்தி அனுப்பினாள்.

இல்லம் முதலில் மறுத்தது. மறுபடி பார்த்தால் புது வீட்டில் ஒட்டாது என்றார்கள். இரண்டு நாள் பேசி, அரை மணி நேரம், இல்ல ஊழியர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்கள்.

போய்ட்டு வா

சனிக்கிழமை மாலை மர்பி டவுன் டீக்கடை பெஞ்சில் ஆயாம்மாவோடு உட்கார்ந்தேன். மூன்று விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். நான் உன்கூட வரப்போவதில்லை. அது உன் தப்பு இல்லை. இவர்கள்தான் உன் அம்மா அப்பா.

"மூணும் சொல்லிருவேன் மேடம்," என்றார். டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "'போ'ன்னு மட்டும் எப்படி மேடம் சொல்றது?"

கடைக்குப் போகிறவரைக்கூட நாம் 'போ' என்று சொல்வதில்லை. போகிறவரும் 'போறேன்' என்பதில்லை. சொன்னால் வீட்டில் பெரியவர்கள் வாயில் போடுவார்கள். 'போயிட்டு வரேன்', 'போய்ட்டு வா'. நம் மொழியில் விடைபெறுகிற ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் திரும்பி வருவது இருக்கிறது. பாப்பாவிடம் 'போய்ட்டு வா' என்று சொன்னால் அவள் அதை அப்படியே பிடித்துக்கொள்வாள். எனக்கு ஆங்கிலத்தில் படித்த பாடங்கள் எதுவும் இந்த இடத்தில் உதவவில்லை. உங்களுக்கு எது வாயில் வருகிறதோ அதைச் சொல்லுங்கள், பொய் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிறு காலை அல்சூர் ஏரிக்கரை. பதினெட்டு வருடம் சாக்குத் துணிக்குள் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை பக்கத்தில்தான் இருக்கிறது. அன்று அதைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. ஆயாம்மா நீலத்தில் மஞ்சள் கரை போட்ட பருத்திச் சேலையும், தலையில் பூவுமாக, கையில் தூக்குப் பாத்திரத்தோடு வந்தார். ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தோம். பாப்பா திரும்பி ஏரியைப் பார்த்து நின்றுகொண்டாள். பத்து நிமிடம். பிறகு வந்து, இரண்டு கைகளாலும் ஆயாம்மாவின் வயிற்றில் குத்தினாள். இல்ல ஊழியர் பதறி எழுந்தார். ஆயாம்மா கையமர்த்தினார். "அடி. நல்லா அடி. சொல்லாம விட்டது தப்புதான்."

ஓய்ந்தபின் மடியில் இருத்திக்கொண்டு பேசினார். நான் எழுதிக்கொடுத்த மூன்றும் வந்தன, என் வரிசையில் அல்ல. "நான் வரல கண்ணு. எனக்கு இங்க வூடு இருக்கு, பேரன் இருக்கான், உன்ன மாதிரி இன்னும் நாப்பது இருக்கு. நீ ஒண்ணும் தப்பு பண்ணல. அதோ, அந்தம்மா ஒனக்காக அழுது மூக்கெல்லாம் செவந்து போய் ஒக்காந்திருக்கு, பாரு." கடைசியில் 'போ'வும் சொல்லவில்லை, 'போய்ட்டு வா'வும் சொல்லவில்லை. தலையில் கைவைத்து, "எங்க இருந்தாலும் நல்லா இரு" என்றார்.

பாப்பா கேட்டாள்: "அப்போ கீழ்க்கட்டில்ல யாரு படுப்பா?"

நான் மொழிபெயர்ப்பாளரிடம் சொல்ல, அவர் அந்த அப்பாவிடம் சொன்னார். அவர் யோசிக்கவே இல்லை. "உனக்குத் தூக்கம் வரும்வரை நான்."

தூக்குப் பாத்திரத்தில் புளிசாதம் இருந்தது. பத்து நாளுக்குப் பின் அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள். ஆயாம்மா கிளம்புமுன் பையிலிருந்து ஒரு பழைய சேலையின் பாதியைக் கிழித்து மடித்துவைத்திருந்ததை எடுத்து அந்த அம்மாவின் கையில் கொடுத்தார். இரவில் பாப்பா முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். அந்த முந்தானை இது. நான் அம்மாவிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: துவைக்காதீர்கள். குழந்தைக்கு வேண்டியது அதிலிருக்கும் வாசனை.

ஆறு அறிக்கைகள்

தத்துப்போன குழந்தையின் நலம் பற்றி இரண்டு வருடத்துக்கு அறிக்கை வர வேண்டும். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் வருடம் ஆறு மாதத்துக்கு ஒன்று, ஆக ஆறு. படங்களோடு வரும். எனக்கும் பிரதி காட்டினார்கள்.

முதல் அறிக்கை தேன் ஒழுகியது. எல்லோரையும் முத்தமிடுகிறாள், நாயோடு தூங்குகிறாள். தலையணைக்கடியில் ரொட்டித் துண்டு ஒளித்துவைப்பதைச் சற்றுக் கவலையோடு எழுதியிருந்தார்கள். இல்லத்தில் வளர்ந்த குழந்தைகள் பல மாதம் அப்படிச் செய்வார்கள். பிடுங்காமல், படுக்கையருகே ஒரு டப்பாவில் அவளுக்கென்றே பிஸ்கட் வைக்கச் சொன்னேன். இரண்டாவது அறிக்கையில் வெடித்துவிட்டது. அம்மாவைக் கடித்தாள், கண்ணாடி உடைந்தது, பள்ளியிலிருந்து அழைப்பு. அப்பாவிடமும் நோன்னாவிடமும் பசுவாக இருக்கிறவள் அம்மாவிடம் மட்டும் பாய்கிறாள். நோன்னாவும் ஆயாம்மாவைப் போலக் கொண்டை போடுகிறவர். சமையலறையில் மாவு பிசையும்போது இவள் அவர் காலடியிலேயே கிடப்பாளாம். அந்த அம்மா எனக்கு எழுதினாள்: "இந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரு மகள் கிடைத்துவிட்டாள், என்னைத் தவிர."

பாப்பாவை ஏற்கெனவே இரண்டு பெண்கள் விட்டிருக்கிறார்கள்: நினைவில்லாத ஒருத்தி, நினைவிலிருக்கிற ஒருத்தி. மூன்றாமவள் விடுவாளா மாட்டாளா என்று அவள் கடித்துத்தான் பார்ப்பாள். இதை எழுதினேன். எழுதுவது எனக்கு எளிது. கடி வாங்கியது அவள். நான்காவது அறிக்கைவரை இது இழுத்தது. அந்த ஊர் உளவியலாளரிடம் வாரம் ஒருமுறை மூவரும் போனார்கள். எந்த நாளில் சரியானது என்று அவர்களுக்கே தெரியவில்லை. ஒருநாள் அம்மாவுக்குக் காய்ச்சல். பாப்பா பள்ளிக்குப் போக மறுத்து, கட்டில் ஓரமாக நின்று சேலையின் ஒரு முனையைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தாளாம். அவ்வளவுதான் அறிக்கையில் இருக்கிறது.

அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நாலு மாதம் கீழ்க்கட்டிலில் படுத்து முதுகுவலி வந்துவிட்டது. பிள்ளைக் கட்டில், ஆறடி ஆள். 'பப்பா' என்று மட்டும் அவள் கூப்பிடவே இல்லை. எட்டு மாதம் 'நீங்க', 'இங்க பாருங்க' வகையில்தான் ஓடியது. அவருக்கு வருத்தம். நான் அந்தச் சொல்லின் கதையைச் சொன்னேன்: நடைமேடையில் அவளிடம் மிச்சமிருந்த ஒரே பொருள் அது, நீங்கள் அதைக் கேட்கிறீர்கள். அவர் சிரித்துவிட்டு, உங்கள் மொழியில் என்ன சொல்வார்கள் என்று கேட்டார். குரல்செய்தியில் சொல்லி அனுப்பினேன்.

இதற்கிடையில் தமிழ் போய்விட்டது. ஐந்தாம் மாதத்தில் இத்தாலிய மொழி சரளம். ஒன்பதாம் மாதம் வீடியோவில் "சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்டேன். மரியாதையாக என்னைப் பார்த்துவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினாள். 3 முதல் 8 வயதுக்குள் பிரான்சுக்குத் தத்துப்போன கொரியர்களைப் பெரியவர்களான பிறகு மூளைப் படம் எடுத்துப் பார்த்த கிறிஸ்டோஃப் பாலியே குழு, கொரிய மொழியின் தடமே தெரியவில்லை என்று 2003இல் எழுதியது. 2014இல் மான்ட்ரியாலில், கைக்குழந்தையாகச் சீனாவிலிருந்து தத்துவந்த சிறுமிகளிடம் நடந்த ஆய்வில், மொழி மறந்தாலும் சீனச் சொற்களின் தொனி கேட்டால் மூளை சீனம் பேசுகிறவர்களைப் போலவே இயங்குவது தெரிந்தது. இரண்டையும் படித்திருக்கிறேன். அந்த வீடியோ அழைப்பு முடிந்த பின் எந்த ஆய்வும் ஞாபகம் வரவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதினெட்டு வயதானால் அவளே தன் வேரைத் தேடி விண்ணப்பிக்கலாம், விதிமுறை அனுமதிக்கிறது. அன்றைக்குக் கோப்பில் என்ன கிடைக்கும் என்று யோசித்து, அவளுடைய வாழ்க்கைக் கதைப் புத்தகத்தில் நடைமேடை, பத்திரிகை அறிவிப்பு, ஏரிக்கரைப் படம் எல்லாம் சேர்த்திருக்கிறேன். 'பாப்பா' என்பதைத் தமிழிலேயே பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

ஆறாவது அறிக்கை 2025இல் வந்தது. அவளுக்கு இப்போது ஒன்பது. பட்டறையில் தொப்பியோடு மரத்தூளில் நிற்கிற படம். ஊரில் அவளுடைய தோழிகள் அந்தத் தச்சரை ஏதோ செல்லப்பெயர் என்று நினைத்து 'அப்பா' என்றே கூப்பிடுகிறார்களாம்.

படத்தை எடுத்துக்கொண்டு மர்பி டவுன் போனேன். ஆயாம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வளர்ந்துட்டா, வெளுத்த மாதிரி இருக்கா, தலைமுடிய ஏன் வெட்டிட்டாங்க. பிறகு கேட்டார்: "சேல இருக்கா மேடம், இல்ல தூக்கிப் போட்டாங்களா?"

இருக்கிறது என்றேன். அறிக்கையில் ஒரு வரி வந்திருந்தது, அதைச் சொல்வதா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தேன். சொல்லிவிட்டேன். போன மாதம் பாப்பாவே அதை எடுத்துக்கொண்டுபோய்த் தன் துணிகளோடு வாஷிங் மெஷினில் போட்டாளாம், யாரும் சொல்லவில்லை.

ஆயாம்மா படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"போடட்டும். நல்ல சேல அது. சாயம் போகாது."